எஞ்சின் சைக்கிளுக்கு வைத்த நெற்றிப் பொட்டு

அறுபதுகளின் நடுவில், ஒரு விஜயதசமி நாள் காலையில், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் நடந்தது இது.

தலைப்பிரசவத்துக்காக அக்கா சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அன்று விடிவதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. அக்காவின் கணவர், எனக்கு மாமா, கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஆபீசில் குமாஸ்தா. நேரில் சொல்லி, கையோடு அழைத்து வரும்படி என்னை முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள்.

செய்தியைக் கேட்டதும் மாமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “உங்கக்கா நல்லாருக்குதா? பொண்ணுதானே?” என்று கேட்டுவிட்டு, குளித்தும் குளிக்காமலும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். “பஸ்ஸெல்லாம் வேணாம் மச்சான். நம்ம வண்டியிலயே போயிடலாம். பூசை போட்ட வண்டி, இன்னைக்கு எடுக்கணும்.”

அவர் வண்டி என்றது ஒரு சாதாரண சைக்கிள். சீட்டுக்குக் கீழே, பின் சக்கரத்தில் உரசி அதைச் சுழற்றும்படி, தேங்காய் அளவுக்கு ஓர் எஞ்சினை மாட்டியிருப்பார். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். விற்றவரே, ‘இருபது மைல் வேகத்துக்கு மேல போகாதீங்க, பின்னாடி ஆள ஏத்தாதீங்க, நடுவழியில நிறுத்தி ஆற விடுங்க’ என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் கொடுத்தாராம். அதை மாமா எஞ்சினில் ஓட்டியதைவிட மிதித்து ஓட்டியதுதான் ஜாஸ்தி. தெருவில் அதற்கு மாமா பெயரையே வைத்துக் கேலி செய்வார்கள்.

முதல் நாள் ஆயுத பூஜைக்கு அதை மாப்பிள்ளை மாதிரி ஜோடித்திருந்தார். கைப்பிடியில் மாலை, சக்கரத்தில் மாவிலை. கைப்பிடி நடுவில் இருந்த பெட்ரோல் டாங்கியின் மூடி மேல் மட்டும் பட்டையாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். ஏன் அங்கே என்று கேட்டேன். “வண்டிக்கு நெத்தி எங்க இருக்குது? உச்சியில இருக்கறது அதான்” என்றார். அவர் சொன்ன விதத்தில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பூஜைப் பொரியை ஒரு துணிப்பையில் கட்டி முன்னால் மாட்டிக்கொண்டார். அக்காவுக்குப் பொரி என்றால் உயிர். நான் கேரியரில் உட்கார்ந்தேன்.

ஆலப்பாக்கம் வரைக்கும் வண்டி வழக்கம்போல இருமிக்கொண்டுதான் வந்தது. நிறுத்தி ஆற விடலாம் என்றேன். காதில் வாங்கவில்லை. அதைத் தாண்டியதும் திடீரென்று சத்தம் மாறியது. இருமல் நின்று, காதைத் துளைக்கும் ஒரே கூச்சலாக எழுந்தது. வேகம் ஏறியது. ரெண்டு பேர் பாரத்தில் அந்த வண்டி அப்படிப் பறந்து யாரும் பார்த்திருக்க முடியாது.

“பாத்தியா மச்சான்! கொழந்தயப் பாக்க இதுக்கே அவசரம்!” என்று கத்தினார் மாமா.

அந்தச் சந்தோஷத்தில் மெயின் ரோட்டை விட்டு, சவுக்குத் தோப்புக்குள் போகும் குறுக்குப் பாதையில் திருப்பினார். அந்தப் பாதை ஓரிடத்தில் ரயில் தண்டவாளத்தைக் கடக்கும். கேட் கிடையாது. இரண்டு பக்கமும் சவுக்கு அடர்த்தியாக நின்றதால் கிட்டே போகும் வரை எதுவும் தெரியாது. “மாமா, மெதுவா! மெதுவா!” என்று அவர் முதுகில் தட்டினேன். எஞ்சின் கூச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் திரும்பிச் சிரித்தார். தண்டவாளம் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் எஞ்சின் கிறீச்சென்ற சத்தத்தோடு இறுகி நின்றது. பின் சக்கரமும் அப்படியே பூட்டிக்கொண்டது. மணலில் இழுத்துக்கொண்டு போய் இருவரும் விழுந்தோம். பொரிப் பை கழன்று எங்களுக்கு முன்னால் பறந்து தண்டவாளத்தில் விழுந்தது.

எல்லாம் அடங்கிப் போனது. அந்த அமைதியில்தான் விசில் கேட்டது. எங்கோ தொலைவில் என்று நினைத்து முடிப்பதற்குள் தோப்பின் மறைவிலிருந்து ரயில் வந்துவிட்டது. பூமி அதிர்ந்தது. கரியும் நீராவியும் முகத்தில் அடித்தன. கையை நீட்டினால் சக்கரம் தட்டும் தூரத்தில் நாங்கள் படுத்துக் கிடந்தோம். கடைசிப் பெட்டி போன பிறகு பொரி மழை மாதிரி எங்கள் மேல் கொட்டியது.

அந்த விசில் அவ்வளவு நேரமும் ஊதிக்கொண்டுதான் இருந்திருக்கும். எங்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

என்னால் எழ முடியவில்லை. மாமா தலையில் கை வைத்தபடி மணலில் உட்கார்ந்திருந்தார். பிறகு, அவர் குரலே இல்லாத ஒரு குரலில் கேட்டார்: “மச்சான்... கொழந்த யார மாதிரி இருக்குது?”

அதுவரைக்கும் அவர் அதைக் கேட்கவே இல்லை. “உங்க மூக்குதான் மாமா” என்றேன். அவ்வளவுதான், மனுஷன் முகத்தைப் பொத்திக்கொண்டு விக்கி விக்கி அழுதார். நானும் அழுதேன்.

பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்று நினைத்து அவர் மூடியைத் திருகினார். ‘உஸ்’ என்று காற்றை உறிஞ்சிக்கொண்டு திறந்தது. உள்ளே பெட்ரோல் தளும்பியது. மூடியைத் திருப்பிப் பார்த்தவர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். காற்றுப் போவதற்காக மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. அது சந்தனத்தால் கல்லாக அடைத்துப் போயிருந்தது. “காத்து போவாததால பெட்ரோல் சரியா எறங்கல மச்சான். அதுலதான ஆயிலும் இருக்குது. பெட்ரோல் கொறஞ்சா மொதல்ல வேகம் ஏறும், அப்புறம் ஆயில் இல்லாம காஞ்சி இறுகிடும். அதான் அப்படிக் கத்தினு ஓடியிருக்குது” என்றார். நாங்கள் குஷி என்று நினைத்தது அதன் சாவு ஓலம்.

எஞ்சினைச் சக்கரத்திலிருந்து தூக்கி விட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே புதுச்சத்திரம் போய், ஒரு கடையில் போட்டுவிட்டு பஸ் ஏறினோம். குழந்தையை வாங்கியதும் மாமா அதன் மூக்கைத்தான் முதலில் பார்த்தார். “பொரி எங்க?” என்று அக்கா கேட்டாள். “வழியில கொட்டிப் போச்சும்மா” என்றார்.

சாகும் வரைக்கும் மாமா சரஸ்வதிதான் வண்டியை நிறுத்தினாள் என்று சொல்வார். சந்தனம்தான் நிறுத்தியது என்பேன் நான். “சந்தனத்த யாருக்கு வச்சேன்?” என்பார். “சரி, அப்படிப் பேயா ஓட வச்சது யாரு?” என்று கேட்டால் மட்டும் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

இன்றைக்கும் எந்தக் காரியமாவது வழக்கத்தைவிட வேகமாக, தானாகவே நடந்தால் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். நான் மட்டும் கொஞ்சம் நின்று, இந்த ஆரவாரத்தில் எந்த விசிலை நாம் கேட்காமல் இருக்கிறோம் என்று காதைத் தீட்டிக்கொள்கிறேன்.