வண்டில்லாத வாளிகள்

கோலா சாவா என்ற ஊர்ப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் நான் மண்டோர்; வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி. குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுகளைப் பிடிக்க, அவற்றை இழுக்கும் வாசனை வைத்த வாளிகளைக் கம்பங்களில் தொங்கவிட்டிருக்கிறோம். அண்டை நாடுகள் சேர்ந்து வண்டுத் தொல்லையைச் சமாளிக்கும் திட்டத்தில், கடலுக்கு அப்பால் சுமத்ராவிலிருந்து ஒரு பெண் அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது.

அவர் வருவதற்கு முதல் நாள் பார்த்தால் வாளிகளில் வண்டுகள் நிரம்பிக் கிடந்தன. "வீட்டுக்கு ஆள் வந்தா குப்பையோடவா வெச்சிருப்போம்? கொட்டிடுங்க லா," என்றார் கூட வேலை செய்யும் லெட்சுமி அக்கா. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எல்லாவற்றையும் குழியில் கொட்டி மூடினேன்.

மறுநாள் அந்த அதிகாரி ஒவ்வொரு வாளியாக எட்டிப் பார்த்தார். ஒன்றிலும் வண்டில்லை.

"எப்படிக் கட்டுப்படுத்தினீர்கள்? எங்கள் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டும்," என்று மலாயில் கேட்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளப் பேனாவோடு காத்திருந்தார். என் பொய் கடல் தாண்டிப் போய் யாரோ ஒருவரின் மரத்தைக் கெடுக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

"நேற்றுதான் எல்லாவற்றையும் கொட்டினேன், மேடம்."

அவர் கோபப்படவில்லை. நோட்டை மெதுவாக மூடினார்.

"போன வருடம் உங்கள் ஆட்கள் எங்களிடம் வந்தபோது நானும் கொட்டினேன். என்ன மருந்து என்று கேட்டார்கள். வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டேன்."

அந்த மருந்தைத்தான் நாங்கள் அதுவரை அடித்துக்கொண்டிருந்தோம்.

உண்மைக் கணக்கை எழுத, இருவரும் சேர்ந்து குழியைத் தோண்டி வண்டுகளை எண்ணினோம். இப்போதும் யாராவது வருகிறார்கள் என்றால் தோட்டத்தைக் கூட்டிப் பெருக்குகிறேன். வாளியை மட்டும் தொடுவதில்லை.