நான் எழுதாமல் விட்ட பெயர்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஜார்ஜ்டவுனில் ஓர் அரசாங்க கிளினிக்கில் நான் ஒரு படிவத்தை நிரப்பினேன். இரண்டு நிமிட வேலை.

என் அண்ணன் திருமணம் செய்துகொள்ளாதவர். தாசேக் கெலுகோரில் தோட்ட அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கே வந்துவிட்டார். மாலையானால் அவரும் என் ஒரே மகளும் கேரம் பலகைக்கு முன் உட்கார்ந்துவிடுவார்கள். "பெரியப்பா, ஏமாத்தாதீங்க லா!" என்று அவள் போடும் சத்தம் லிஃப்ட் வரை கேட்கும். பிறகு அவருக்கு இருமல் வந்து, நிற்கவே இல்லை. காசநோய் என்றார்கள்.

ஒரே வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், பெயர்களை எழுதுங்கள் என்று மிஸ்ஸி, அங்கிருந்த நர்ஸ், படிவத்தை நீட்டினார். எங்கள் கோயிலுக்கு வருகிறவர் அவர். என் பெயரை எழுதினேன், மனைவி பெயரை எழுதினேன். அத்தோடு பேனா நின்றுவிட்டது. மகளுக்கு அப்போது பதினேழு வயது. நாளைக்குக் கல்யாணம் பேசும்போது யாராவது இதைச் சொல்லிவிட்டால்?

"பிள்ளைங்க இருக்காங்களாண்ணே?"

"மகள் ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறா."

பொய். பக்கத்தில் இருந்த அண்ணன் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். வெளியே வந்ததும், "தம்பி, பிள்ளையையும் காட்டிடுப்பா. தினமும் என் முன்னாலதானே உட்கார்றா," என்றார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. பிள்ளை பெத்திருந்தா உங்களுக்குத் தெரியும்."

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாத்திரைகளை முழுதாக முடித்துக் குணமானார். மகளிடமும் உறவினர்களிடமும் ஆஸ்துமா என்று சொல்லியிருந்தோம்.

போன ஆண்டு மகளின் வலது தொடையில் ஒரு வீக்கம் வந்தது. எலுமிச்சம்பழம் அளவுதான். பெரிய வலியும் இல்லை. கல்லூரியில் பூப்பந்து விளையாடுகிறவள், தசை பிசகியிருக்கும் என்று பட்டர்வொர்த்தில் உருவிவிடும் ஓர் அம்மாவிடம் மூன்று முறை கூட்டிப் போனேன். ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணெய்த் தேய்ப்பைத் தாங்கினாள். வீக்கம் பெரிதானதும் ஒரு தனியார் டாக்டரிடம் போனோம். "வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா?" என்று அவர் கேட்டார்.

"இல்ல டாக்டர்," என்றேன். யோசிக்கக்கூட இல்லை. ஆஸ்துமா, ஆஸ்துமா என்று சொல்லிச் சொல்லி நாக்கு பழகிப்போயிருந்தது.

மூன்று மாதம் வேறு வேறு மருந்துகள். வீக்கம் மாம்பழம் அளவுக்கு வந்தபின் ஸ்கேன் எடுத்தார்கள். புற்றுநோய்க் கட்டியாகக்கூட இருக்கலாம், தசையிலிருந்து சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். முடிவு வரும்வரை என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அது நெஞ்சில் வரும் நோய், தொடைக்கு எப்படி வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தொடைத் தசையில் காசநோய். அபூர்வம்தான், ஆனால் ரத்தத்தின் வழியாக உடம்பில் எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரும் என்றார் டாக்டர். "யாருக்கும் இல்லைன்னு சொன்னீங்களே?"

"இவரு அண்ணனுக்கு இருந்துச்சு, டாக்டர்," என்றாள் என் மனைவி, தலை குனிந்தபடி.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பெரியப்பாவுக்கு ஆஸ்துமான்னுதானேப்பா சொன்னீங்க?"

நான் டாக்டரிடம் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

அறுவை சிகிச்சை செய்து சீழை எடுத்தார்கள். கெட்டுப்போன தசையையும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருந்தது. அண்ணனுக்கு வந்தபோதே அவளையும் பரிசோதித்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கக்கூடும் என்று டாக்டர் சொன்னார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். விஷயம் தெரிந்த வாரமே அண்ணன் பையைக் கட்டிக்கொண்டு தாசேக் கெலுகோருக்குப் போய்விட்டார். "என்னாலதானேப்பா," என்றார் வாசலில். இல்லை அண்ணே, என்னால்தான் என்று சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.

மகளின் சிகிச்சைக்காக மறுபடியும் அதே கிளினிக். அதே மிஸ்ஸி, அதே படிவம். நான் கையை நீட்டுவதற்குள் மகள் பேனாவை எடுத்துக்கொண்டாள். "இந்தத் தடவை நான் எழுதறேன்ப்பா." தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாள். பிறகு எங்கள் இருவர் பெயரையும், கடைசியாகப் பெரியப்பா பெயரையும்.

"அவருதான் இப்ப வீட்ல இல்லையேம்மா," என்றேன்.

"வருவாரு. நான் கூப்பிடப் போறேன்."

அவர் இன்னும் வரவில்லை. மகள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். வலது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறாள். கெட்டுவிடும் என்று நான் ஒளித்து வைத்த தன் பெயரை எழுத அவள் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை என்பதுதான், அவள் என் முன்னால் நடந்து போகும்போதெல்லாம் என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது.