போராட்டப் படங்களின் பின்பக்கம்

பழைய பத்திரிகைப் படம் சேர்ப்பவனுக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் உயிர்; எடுத்தவர் முத்திரை, ஊர், தேதி, படத்தில் இருப்பவர் பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். அருப்புக்கோட்டையில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். பிழைப்பு அதில். பைத்தியம், அந்தக் கால இந்தி எதிர்ப்புப் போராட்டப் படங்களில். தபால்தலை, நாணயம் என்று அலைந்து வீட்டில் திட்டு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

ஈரத்துணி

காரியாபட்டியில் ஒரு பத்திரிகைப் படக்காரர் இறந்துபோனார். பெட்டி நிறையப் படம் கிடப்பதாக அவர் மனைவி போனில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். போன் வந்த அன்றைக்கே பஸ் ஏறியிருக்க வேண்டும். நான் போனபோது ஊர்வலமும் மறியலும் கூடத்தில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். நீலக் கறைதான் இருந்தது.

"அவுக பின்னாடி பூரா பேனாவுல கிறுக்கி வச்சிருந்தாக. நீங்க வாரீகன்னுதான் ஈரத்துணி வச்சுச் சுத்தமா தொடச்சேன்" என்றார் அந்த அம்மா.

லத்தி

பேத்தியின் கல்யாணப் படத்துக்குச் சட்டம் போட வந்தார் திருச்சுழிப் பெரியவர் ஒருவர். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். என் மேசையில் கிடந்த படத்தில் ஒரு மாணவன் ரோட்டில் விழுந்து கிடக்கிறான். அவன்மேல் லத்தி ஓங்கியிருக்கிறது. படம் கிடைத்த கதையை நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓங்கி நிற்பது தான்தான் என்றார் அவர். கீழே கிடப்பவன் யார் என்று விசாரிக்க இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"அந்தப் பையன் பொழச்சானா தம்பி?"

நகல்

நரிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படங்களைக் கண்காட்சியாக வைத்தேன். காளியம்மாள் என்ற வயதான பெண் ஓர் ஊர்வலப் படத்தின் முன்னால் நின்று அழுதார். கொடி பிடித்திருப்பவர் அவருடைய அண்ணன். ஜெயிலுக்குப் போய் வந்து, சீக்கில் இறந்தவர். வீட்டில் அவர் முகம் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லையாம். அந்தப் படத்தைக் கேட்டார். கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. "நகல் எடுத்துத் தாரேம்மா" என்றேன்.

கடை வேலையில் எட்டு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் பெரிதாக நகல் எடுத்து, தேக்குச் சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். மடியில் வாங்கி வைத்துக் கண்ணாடியை விரலால் தடவினார்.

"கண்ணு ரெண்டும் போயிருச்சு தம்பி. எங்கண்ணன் எப்படி நிக்கிறாருன்னு நீங்களே சொல்லுங்க."

பழைய படம் சேர்க்கிறவனுக்கு அவசரம் எதற்கு என்று நானும் நினைத்திருந்தேன், படத்துக்குத்தான் அவசரமில்லை.