நான் தீட்டிய ஓரம்

ஐந்தாம் வகுப்பு முடிக்காமல் ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போனவன் நான். இன்று இரணியல் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் யாரிடம் கேட்டாலும் என் கடையைக் காட்டுவார்கள். மேலே வீடு, கீழே கத்தியும் மரம் அறுக்கிற வாளும் தீட்டிக் கொடுக்கிற பட்டறை, பக்கத்தில் மோட்டார் ரிப்பேர். எங்கள் சபைக் கோயிலுக்குச் சுற்றுச்சுவர் கட்ட ஆளில்லாமல் கிடந்தபோது முன்னால் நின்று கட்டியவன் நான். கல்லுக்காடாகக் கிடந்த மேட்டில் தென்னை வைத்தேன். அன்று சிரித்தவர்கள் இப்போது இளநீர் கேட்டு வருகிறார்கள். ஆனால் நான் கட்டி நிறுத்தியதில் பெரியது இதெதுவும் இல்லை. பனிமலையில் காலில் பலகை கட்டிச் சறுக்கிப் பந்தயம் ஓடுகிற ஒரு வெள்ளைக்கார மதாம்மாவை, இனி எழும்பமாட்டார் என்று அவர் நாட்டுக்காரர்களே கைகழுவிய பிறகு, திரும்பவும் பந்தயத்தில் கொண்டு நிறுத்தியவன் நான். அவரும் பாடுபட்டார், இல்லை என்று சொல்லவில்லை.

வளைகுடாவுக்கு நான் போனது ஏ.சி. மெக்கானிக்குக்கு எடுபிடியாக. அங்கே ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள்ளேயே பனிமலை கட்டி வைத்திருந்தார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே மீசை உறையும். குளிர் எந்திரம் பார்க்கப் போன என்னை, வாடகைப் பலகைகளைத் துடைத்து அடுக்கும் அறையில் போட்டார்கள். சறுக்குப் பலகையின் அடியில் இரண்டு பக்கமும் இரும்பு ஓரம் ஓடும். அது பனியைக் கடித்தால்தான் வளைந்து திரும்ப முடியும்; மழுங்கினால் பலகை போன போக்குதான் ஆளும். அங்கிருந்த ஓரங்களைத் தொட்டுப் பார்த்து எனக்குக் கோபமே வந்துவிட்டது. பால்வெட்டுக் கத்தியை நான் தீட்டினால் நகத்தின் மேல் வைத்ததும் சுருள் எழும். அந்தக் கைக்கு இது பொறுக்குமா? அரமும் கல்லும் எடுத்து ஒவ்வொன்றாகத் தீட்ட ஆரம்பித்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை.

மதாம்மா வந்தது கோடைக்காலத்தில். அவர் ஊர் மலையில் அப்போது பயிற்சிக்குப் பனி இல்லை. முழங்கால் முட்டில் அறுவை முடிந்து, நடப்பதில் சிறு தாங்கல் இருந்தது. நாட்டு அணியிலிருந்து கழித்துவிட்டார்கள். வரும் குளிர்காலத்தில் ஒரு தேர்வுப் பந்தயம். அதில் முன்னால் வந்தால் திரும்ப அணியில் இடம், இல்லையென்றால் அவருடைய பந்தய வாழ்க்கை அதோடு சரி. இதை அவரே எங்கள் அறையில் கால் நீட்டி உட்கார்ந்து, எனக்குப் புரியும்படி கையைக் காட்டிச் சொன்னார். பலகை கொடுத்த கம்பெனி, தீட்டிக் கொடுக்க ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. நான் தீட்டித் தருகிறேன் என்று பலகையை வாங்கிக்கொண்டேன்.

முதல் நாளே அனர்த்தம். வளைந்து வளைந்து இறங்குவதற்காக நட்டிருந்த கம்பங்களில் மூன்றாவதில் பலகையின் மூக்கு பனியில் கொத்தி நின்றுவிட, மதாம்மா தலைகுப்புற வலையில் போய் விழுந்தார். காலணி எடுத்துக் கொடுக்கும் வேலையில் என்னோடு குளச்சல்காரர் ஒருவர் இருந்தார். மூத்தவர், அண்ணன் முறைக்கு அவர்கள் வழக்கப்படி நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “மக்கா, உனக்க சோலி முடிஞ்சு. பெட்டியக் கெட்டு. போற வழியில எனக்க வீட்டுக்கு ஒரு கம்பிளியும் கொண்டு போ.”

மதாம்மா பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தார். பலகையின் மூக்கைத் தடவிக் காட்டி, இதை ஏன் இவ்வளவு கூராக்கினாய் என்று கேட்டார். ரப்பர் மரத்தில் கத்தியின் மூக்குதான் முதலில் பட்டையைக் கடிக்க வேண்டும், மூக்கு மழுங்கினால் பால் வராது என்று நடித்துக் காட்டினேன். இதில் மூக்கு முதலில் கடித்தால் ஆளைக் கவிழ்த்துவிடும் என்று அவர் நடித்துக் காட்டினார். “யுவர் நைஃப் இஸ் டூ ஹங்ரி” என்றார். பிறகு என் கல்லை வாங்கி, நுனியில் ஒரு சாண் அளவுக்கு அவரே மழுக்கினார். நடுவில் கை வைக்கவில்லை. திரும்ப மேலே போய்ச் சறுக்கி இறங்கி வந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. இப்படிப் பிடிக்கிற ஓரம் தன் காலுக்குக் கீழே இதுவரை வந்ததில்லை என்றார். அன்று முதல் அவர் பலகையை வேறு யாரும் தொட்டதில்லை. தீட்டி முடித்து நகத்தில் உரசிப் பார்த்து, “கொள்ளாம்” என்று சொல்லித்தான் கையில் கொடுப்பேன். நம்மூரில் நல்லாயிருக்கு என்பதற்கு அதுதானே சொல்.

குளிர்காலம் வந்ததும் தன் மலைக்கு என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்காரியிடம் போனில் சொன்னேன். “இஞ்சேருங்க, இஞ்ச ஒருத்தன் சறுக்கி விழுந்தா நாட்டு வைத்தியரத் தேடி ஓடுதோம். அங்க சறுக்குனா மெடலா குடுக்காவ?” என்று கேட்டாள். விழாமல் சறுக்கினால் கொடுப்பார்கள் என்றேன். “அப்போ விழாம பாத்துக்கிடுங்க, அந்தப் பிள்ளைய” என்று வைத்துவிட்டாள். அவள் ஜெபத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதையும் நான் மறைக்கவில்லை.

தேர்வுப் பந்தயத்தில் இரண்டு முறை இறங்க வேண்டும், இரண்டு நேரத்தையும் கூட்டுவார்கள். முதல் இறக்கத்தில் மதாம்மா பின்தங்கிவிட்டார். சரிவுக்குத் தண்ணீர் விட்டு உறைய வைத்திருந்தார்கள்; பனியா அது, பத்மநாபபுரத்துக் கருங்கல்லு. பலகை திரும்புமுன் வழுகுவதைக் கீழே நின்று நான் பார்த்தேன். இரண்டாம் இறக்கத்துக்கு மேலே போனதும் அவர் முட்டைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். நான் கல்லை எடுத்து, மழுக்கிய ஒரு சாணில் பாதியைத் திரும்பத் தீட்டினேன். அவர் திடுக்கிட்டுக் கையைப் பிடித்தார். விழுந்தால் அந்த முட்டு தாங்காது, இரண்டு பேருக்கும் தெரியும். “மேடம், டுடே நைஃப் ஹங்ரி. ஐஸ் ஹார்ட்” என்றேன். எனக்கிருந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். பிறகு கையை எடுத்தார். மற்ற மூக்கையும் தீட்டி, நகத்தில் உரசி, “கொள்ளாம்” என்று சொல்லிக் கையில் கொடுத்தேன். என் குரல் நடுங்கியது குளிரில்தான்.

அவர் இறங்கியபோது கம்பங்களை நான் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்டேன். ஓரம் பிடித்தால் பட்டை சீவுகிற மாதிரி நீளமாக ஒரு சத்தம் வரும். வழுகினால் கரகரக்கும். மேலிருந்து கீழ்வரைக்கும் சீவுகிற சத்தம்தான். நேரம் காட்டுகிற பெரிய திரையில் அவர் பெயர் முன்னால் ஏறியதும் கூட்டம் கத்தியது. அணியில் இடம் உறுதி. மதாம்மா கேமராவைப் பார்த்து, தன் பாஷையில் ஏதும் சொல்லாமல், “கொள்ளாம்” என்றார். தள்ளி நின்ற நான் ஒரு வெள்ளைக்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். யாரென்று இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு பல குளிர்காலம் அவர் பந்தயம் ஓடினார். மேடை ஏறினார், மெடல் வாங்கினார், முட்டு தாங்கியது. இப்போது ஓய்வு பெற்று, அடிபட்ட ஆட்டக்காரர்களைத் திரும்ப எழுப்பிவிடுகிற வேலை செய்கிறார். வளைகுடாவில் நான் இருந்த அந்தப் பனிக்கூடத்துப் பட்டறையில் இன்று நம் மாவட்டத்து ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். ரப்பர் வெட்டத் தெரியுமா என்று கேட்டுத்தான் எடுக்கிறார்களாம். அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

ஆனால் மதாம்மாவின் வாழ்க்கையை யாரோ புத்தகமாக எழுதி, அது போன மாதம் வீட்டுக்கு வந்தது. மகள் வாசித்துச் சொன்னாள். அதில் நான் ‘ஒரு இந்திய உதவியாளர்’. ‘கொள்ளாம்’ என்கிற சொல்லுக்கு ‘இமயமலைச் சாமியார்களின் பழைய மந்திரம்’ என்று விளக்கம். நான் இமயமலையைப் படத்தில் பார்த்ததோடு சரி. சபை முழுக்கச் சிரிக்கிறது. மதாம்மாவைப் போனில் பிடித்தேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, எழுதினவரிடம் சொல்லித் திருத்துவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். வாக்கை நம்புகிறேன். இருந்தாலும் நாலு பேர் சாட்சியாக இங்கேயும் எழுதி வைக்கிறேன். அடுத்த பதிப்பில், அந்த ஓரத்தைத் தீட்டியவன் இன்னான், கன்னியாகுமரி மாவட்டம் இரணியல்காரன், ரப்பர் வெட்டினவன் என்று முழுதாக அச்சில் வர வேண்டும். உதவியாளர் என்கிற சொல்லை எடுத்துவிட வேண்டும். பெயரில் எழுத்துப்பிழை இருக்கக் கூடாது.