முப்பத்திரண்டாவது வரி

பேய் என்றால் நள்ளிரவு, ஊளையிடும் நாய், அணைந்துபோகும் விளக்கு என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம். எனக்கு நடந்தது ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மத்தியான வேளையில். பக்கத்து அறை ரேடியோவில் ஃபுட்டி என்கிற கால்பந்து மேட்ச் பற்றி இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு சாதாரணமான நாள்.

நான் சொல்வது முழுக்க நடந்தது. நேரங்களைக்கூட ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. கணினி தானாக எழுதிய பதிவைப் பார்த்துச் சொல்கிறேன். பொய் சொல்ல அதற்கு ஒரு காரணமும் கிடையாது.

என் பெயர் கிளெனிஸ். வயது ஐம்பத்தெட்டு. ஹோபார்ட் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை பார்த்தேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுத எனக்குத் தெம்பில்லை. அண்டார்டிகாவுக்குப் போகும் கணினிகளுக்கு அவர்கள் நெட்வொர்க் கார்டு செய்கிறார்கள். அந்தக் கார்டை இயக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். கடுங்குளிரிலும் டிரைவர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, கட்டளைகளை வரிவரியாக ஓட்டும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் உண்டு. கார்டு கீழ்த்தளத்துக் குளிரறையில் இருக்கும். ஸ்கிரிப்ட் நைட்ரஜன் வால்வைத் திறக்கும். அறை மைனஸ் நாற்பதுக்கு இறங்கும். பிறகு இணைப்பை அறுத்து, மறுபடி எழுப்பிப் பார்க்கும். எழுந்தால் பாஸ். இப்படி இருநூறு சுற்று.

அந்த ஸ்கிரிப்டில் யார் எந்த வரியை மாற்றினாலும் நான் படித்துப் பார்த்து என் பெயரைப் போட வேண்டும். என் பெயர் விழாமல் எதுவும் உள்ளே போகாது. பெரிய அதிகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டைத் திறக்காமல் நிற்கும் அதிகாரம் காவலாளிக்கும் உண்டு. அவனை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம்.

அன்று 2:40க்கு ஒரு மாற்றம் வந்தது. அனுப்பியவன் ப்ரோடி. எங்கள் மேலாளர், என் மகன் வயது இருக்கும். மொத்தம் பதினான்கு வரிகள். ஃபைல் பெயர்களுக்கு மேற்கோள் குறி போட்டிருந்தான், சரி. சோதனை பாதியில் நின்றால் கார்டைப் பழைய நிலைக்குத் திருப்ப நான்கு வரிகள் சேர்த்திருந்தான், அதுவும் சரி. முப்பத்திரண்டாவது வரியை மட்டும் அடியோடு தூக்கியிருந்தான்.

‘நாற்பத்தேழு விநாடி காத்திரு.’ அவ்வளவுதான் அந்த வரி. அதற்கு முந்தைய வரி, குளிரறைக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்ப்பது. அடுத்த வரி, வால்வைத் திறப்பது. நடுவில் எதற்கு இந்தக் காத்திருப்பு? ஒரு குறிப்பும் இல்லை. எழுதியவன் பெயர் டேரன் பாஸ்கோ. எழுதி நான்கு வருடம் ஆகிறது.

ப்ரோடியைக் கூப்பிட்டேன்.

“யாரு இந்தப் பாஸ்கோ?”

“முன்னாடி இருந்தவன். வேலைய விட்டுட்டான்.”

“இந்த வரி எதுக்குன்னு தெரியுமா?”

“சும்மா நிக்கறதுக்கு. இருநூறு சுத்துக்கு ரெண்டு மணி முப்பத்தாறு நிமிஷம் தண்டம். திங்கக்கிழமை சரக்கை ஒப்படைக்கணும் கிளெனிஸ். அஞ்சு மணிக்குள்ள உன் பேர் விழணும்.” கொஞ்சம் இழுத்து, “யார் யாருக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கறதுன்னும் திங்கக்கிழமைதான் பார்க்கறோம்,” என்றான்.

புரிந்தது. பெயரைப் போட்டால் வேலை இருக்கும். போடாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்த வயதில் என்னை வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுக்கப் போகிறார்கள்?

உண்மையைச் சொல்கிறேன். அந்த வரியை வெட்டியதில் எனக்கும் சந்தோஷம்தான். காரணம் சொல்லாமல் ஸ்கிரிப்ட் சும்மா நிற்பது என்னைப் போன்றவர்களுக்கு அறவே பிடிக்காது. ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெயரைப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

குளிரறையைப் பார்த்துக்கொள்பவன் சியோனே. டோங்கா தீவுக்காரன், மலை மாதிரி உடம்பு. கார்டுகளை மாற்ற அவன்தான் உள்ளே போய்வருவான். போனில் கேட்டேன்.

“சியோனே, உள்ள யாராவது இருக்காங்களா?”

“யாரும் இல்ல ஆன்ட்டி. ஓட்டுங்க.”

ஓட்டினேன். ஒரு சுற்றுக்கு ஒன்பது விநாடிதான் ஆக வேண்டும்.

ஐம்பத்தாறு ஆனது.

பதிவைப் பார்த்தேன். 15:05:10, கதவு மூடியுள்ளது. 15:05:57, வால்வு திறந்தது. நடுவில் நாற்பத்தேழு விநாடி.

பழைய ஃபைலை ஓட்டிவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை, புதியதுதான். அந்த வரி அதில் இல்லை. ஒவ்வொரு வரியும் ஓடுவதற்கு முன் தன்னைத்தானே பதிவில் எழுதும்படி வைத்தேன். மறுபடி சியோனேயைக் கேட்டுவிட்டு, மறுபடி ஓட்டினேன்.

15:31:22, முப்பத்தொன்றாவது வரி. பிறகு ஒன்றுமில்லை... திரையில் கர்சர் மட்டும் துடித்தது. 15:32:09, வால்வு.

அதே நாற்பத்தேழு.

எந்த வரியும் அதைக் காத்திருக்கச் சொல்லவில்லை. ஆனாலும் அது காத்திருந்தது.

மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கணினி பிஸியா? இல்லை. வால்வு கோளாறா? திறக்கும் கட்டளையே தாமதமாகத்தான் போயிருந்தது. கடைசியில் மொத்த ஸ்கிரிப்டையும் வேறு ஒரு ஃபைலில் கையால் புதிதாகத் தட்டினேன். இதிலேயே ஒரு மணி நேரம் போனது. ப்ரோடி இரண்டு முறை கூப்பிட்டான்.

“என்ன, பேர் போட்டாச்சா?”

“நேரம் குறைய மாட்டேங்குது ப்ரோடி. எங்கயோ நிக்குது.”

“பதினாலு வரி படிக்க ஒரு மத்தியானமா? கண்ணாடி மாத்தணுமா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. போனை வைத்தேன். ஜன்னலில் வெளிச்சம் மங்கிவிட்டது. ஜூன் எங்கள் ஊரில் குளிர்காலம், ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

அந்தக் கோபத்தில் மூன்றாவது தடவை ஓட்டினேன்.

இந்தத் தடவை நான் சியோனேயைக் கேட்கவில்லை.

16:38:03. கதவு மூடியுள்ளது.

குளிரறைக்குள் ஒரு கேமரா உண்டு. அதன் கண்ணாடியில் எப்போதும் பனி படர்ந்திருக்கும். படம் வெறும் வெள்ளை. ஆனால் மைக் வேலை செய்யும். அன்றுதான் முதல் முறையாக ஸ்பீக்கரைத் திறந்தேன்.

மின்விசிறியின் இரைச்சல்.

அதற்கு அடியில் ஒரு குரல்.

“...பதினொண்ணு. பன்னெண்டு. பதிமூணு...”

ஆண் குரல். அவசரமே இல்லை. கையில் எதையோ பார்த்துப் பார்த்து எண்ணுகிற மாதிரி இருந்தது.

சியோனேயின் குரல் இல்லை அது.

உள்ளே ஆள்! நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் விழுந்துவிடுவான். நிறுத்தும் விசைகளை அழுத்தினேன். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினேன்...

“இருபத்திரெண்டு. இருபத்திமூணு...”

எழுந்து ஓடினேன். படிக்கட்டு முப்பத்தொரு படி. முழங்கால் கத்தியது.

கீழே யாரும் இல்லை. சியோனேயின் நாற்காலி காலி. அவன் தேநீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. குளிரறைக் கதவின் மேல் பச்சை விளக்கு. மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

கதவு மூடியிருக்கவில்லை. ஒரு சாண் திறந்திருந்தது.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன்.

உள்ளேயிருந்து ஏதோ என் மேல் மோதியது.

சியோனே!

கார்டுத் தட்டோடு வந்து விழுந்தான். இரண்டு பேருமே தரையில் கிடந்தோம்.

எங்களுக்குப் பின்னால், உள்ளே...

உஸ்ஸ்ஸ்ஸ்...

வால்வு திறந்தது.

பதிவில் நேரம் இருக்கிறது. 16:38:50.

அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

“ஆன்ட்டி... யாரு எண்ணுனாங்க?”

“நீ கேட்டியா?”

“பின்கோடியில இருந்தேன். என் தோளுக்குப் பின்னாடி. காதுக்குப் பக்கத்துல. எண்ணிட்டே வந்தாங்க. நான் நின்னா நிறுத்தாம எண்ணுனாங்க. பயந்து ஓடி வந்தேன்.”

“உள்ள வேற யாராவது...”

“யாரும் இல்ல. நான் மட்டும்தான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஓட்டிய ஸ்கிரிப்டில் காத்திருப்பு இல்லை. கதவு மூடியிருப்பதைச் சொல்லும் உணரி கெட்டுக்கிடந்தது. எழுதியிருந்தபடியே ஓடியிருந்தால் 16:38:03க்கே வால்வு திறந்திருக்கும். அப்போது சியோனே அறையின் பின்கோடியில் இருந்தான். நான் அவனைக் கொன்றிருப்பேன்.

ஐந்து மணிக்கு ப்ரோடியே இறங்கி வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். குரலையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பல்லைக் காட்டினான்.

“பேய் எண்ணுச்சா? சரி. சியோனே, நீ உள்ள இருந்தியா?”

சியோனே என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். அவனுக்கு இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். விசா கம்பெனி கையில்.

“இல்ல. நான் வெளியிலதான் இருந்தேன்.”

அவன் மேல் எனக்குக் கோபம் வந்தது. இன்றுவரை முழுசாக ஆறவில்லை. ஆனாலும் அவன் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

“என் பேரைப் போட மாட்டேன் ப்ரோடி.”

“வேணாம். நானே போட்டுக்கறேன்.”

போட்டுக்கொண்டான். திங்கட்கிழமை பத்து மணிக்கு என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பதினோரு வருட வேலைக்கு ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தார்கள், சாமான்களை எடுத்துப்போக.

ஆகஸ்டில் ஒரு நாள் சியோனே போன் செய்தான். மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் எதையெதையோ பேசினான். பிறகு சொன்னான்.

“அந்த வரி இல்லாமத்தான் ஓடுது ஆன்ட்டி. ஆனா சுத்து ஒண்ணுக்கு இன்னும் அம்பத்தாறு விநாடிதான். ஏன்னு யாருக்கும் தெரியல. நானும் அந்த நேரத்துலதான் வெளிய வர்றேன்.”

“பாஸ்கோ எங்க இருக்கான்னு தெரிஞ்சுதா?”

குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“ஸ்டோர்ல இருக்கற கிழவர் சொன்னாரு. வேலைய விடல. அந்த அறைக்குள்ளயே செத்துட்டான். ஒரு சனிக்கிழமை, தனியா வந்திருக்கான். வால்வைக் கையால அடைச்சிட்டுத்தான் உள்ள போயிருக்கான். அது சரியா மூடல. கதவுகிட்ட கிடந்தானாம். கையில ஸ்டாப்வாட்ச். மாரடைப்புன்னு சொல்லி மூடிட்டாங்க.”

“என்னிக்கு?”

“நாலு வருஷம் முன்னாடி, ஆகஸ்ட் எட்டு.”

அப்போது நான் பெர்த்தில் வீட்டிலிருந்தபடியே இந்தக் கம்பெனிக்கு வேலை பார்த்தேன். தினம் முப்பது மாற்றம் படிப்பேன். அனுப்புகிறவர் யார், கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாது. பெயர்கள் மனதில் தங்கியதில்லை.

பழைய மடல்கள் ஒரு தனி டிஸ்கில் இருந்தன. அன்று மாலையே தேடினேன்.

ஆகஸ்ட் ஏழு, வெள்ளிக்கிழமை. 4:50. டேரன் பாஸ்கோ ஒரு மாற்றம் அனுப்பியிருக்கிறான். கதவுக்கும் வால்வுக்கும் நடுவே அறுபது விநாடி காத்திருப்பு. ‘உள்ளே ஆள் இருக்கலாம். கதவு உணரியை நம்ப முடியவில்லை.’

அதற்குக் கீழே, பத்து நிமிடம் கழித்து ஒரு பதில். ‘அறுபது என்பது யூகம். யூகத்துக்கெல்லாம் பெயர் போட மாட்டேன். உள்ளே போய் அளந்து பார்த்துவிட்டு எழுது.’

எழுதியது நான்.

அடுத்த மடல் ஆகஸ்ட் பத்து, திங்கட்கிழமை காலை 9:12. பாஸ்கோவிடமிருந்து.

‘அளந்தேன். நாற்பத்தேழு.’

9:15க்கு நான் பதில் போட்டிருக்கிறேன். ‘இதை முதலிலேயே செய்திருக்கலாமே.’ கீழே என் பெயரும் இருக்கிறது.