மேசைக்கடியில் ஒரு கால்

குழாய்த் தொழிற்சாலையின் வாசல் காவலாளிக்கு வேலையாட்கள் வைத்த பெயர் லைட்டுக்காரர். ஷிப்டு முடிந்து வெளியே போகிற ஒவ்வொருவரும் அவர் மேசைமேல் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். பச்சை எரிந்தால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு எரிந்தால் பையைத் திறந்து காட்ட வேண்டும். ‘இயந்திரமே தேர்ந்தெடுக்கிறது, அனைவரும் சமம்’ என்று சுவரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மேசைக்கடியில் காலால் மிதிக்கிற சுவிட்ச் ஒன்று இருந்தது. அதை மிதித்தால் சிவப்புதான். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேலாளர் அதைக் காட்டி, “சந்தேகமா இருந்தா மிதிச்சுக்க” என்றார். யார்மேல் சந்தேகம் என்று சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அலுவலகத்திலும் மேற்பார்வையிலும் இருந்தவர்கள் எல்லாம் வெளுத்த தோல்காரர்கள். பட்டறையில் நின்றவர்கள் எல்லாம் கறுத்த தோல்காரர்கள்.

நம்மவர் எந்தப் பக்கம் என்கிறீர்களா? அட்டக் கறுப்பு! கோளாறே அங்கேதான். ‘தன் ஆளுங்கள விட்டுடுறான்’ என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில், மற்ற ஷிப்டுகளின் வெளுத்த காவலாளிகளைவிட இவர்தான் அதிகம் மிதித்தார். வீட்டுக்கு வந்து, “நான் யாருக்கும் சலுகை காட்டுறதில்ல” என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வார்.

“ஆமா, பெரிய நீதிபதி! அங்க துணி ஊறிக்கிடக்கு, அதுக்கொரு தீர்ப்பு சொல்லுங்க” என்பாள் அவள்.

மனைவியின் தங்கையும் அதே தொழிற்சாலையில்தான் குழாய்களைப் பெட்டியில் அடுக்கினாள். புருஷனைப் பிரிந்து, பெண் குழந்தையோடு அக்கா வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தவள். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகிவிடும், தனியாக ஓர் அறை பார்த்துப் போய்விடலாம் என்று இருந்தாள். யாருக்கும் பாரமாக இருக்கப் பிடிக்காத பிறவி.

அன்று சாயங்காலம் மேற்பார்வையாளர் புத்தம் புதிய கையுறைக் கட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். உறைகூடப் பிரிக்கவில்லை. “என்னப்பா, சௌக்கியமா? வீட்ல தோட்ட வேலை இருக்கு” என்று சிரித்தபடி பொத்தானை அமுக்கினார். பச்சை. லைட்டுக்காரரின் கால் அசையவே இல்லை.

அடுத்து கொழுந்தியாள். அவளுக்குப் பின்னால் நீள வரிசை, அத்தனை கண்கள். சும்மா விட்டால் நாளைக்கு என்ன பேசுவார்கள்? கால் தானாக இறங்கிவிட்டது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பொய். அவர்தான் மிதித்தார். அவள் குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள்.

பையைப் பெண் காவலாளி துழாவினாள். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் கிழிந்துபோன கையுறை ஒரு ஜோடி. சூடான பாத்திரம் இறக்க வைத்திருந்தாள். ஆனால் விதிப்படி ஓர் ஆணியைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது.

மறுநாள் காலையில் மேலாளர் அறையில் விசாரணை. “கிழிஞ்சத எல்லாரும் எடுத்துட்டுப் போறதுதான் சார். நேத்து எனக்கு முன்னாடி இந்த சார் புதுக் கட்டே கொண்டுபோனாரு. லைட்டுக்காரர் பாத்துட்டுத்தான் இருந்தாரு. அவரையே கேளுங்க” என்றாள்.

மேற்பார்வையாளர் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். மேலாளர் திரும்பி, “பாத்தியா?” என்றார்.

ஆமாம் என்ற ஒரு சொல் போதும், அவள் வேலை தப்பியிருக்கும். லைட்டுக்காரர் மேற்பார்வையாளரை ஒரு தரம் பார்த்தார். “இல்லீங்க. நான் பாக்கல.”

அப்போதே அவள் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். மேலாளர் லைட்டுக்காரரின் தோளில் தட்டினார். “சொந்தக்காரின்னுகூடப் பாக்கல நீ. உங்க ஆளுங்கள்ல இப்படி நாலு பேர் இருந்தா போதும்.” அதற்கும் இந்த மானங்கெட்ட மனுஷன் “நன்றிங்க” என்றார். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகக் கால் வராமல் கடைத்தெருவையே சுற்றினார்.

வீட்டில் கொழுந்தியாள் கூடத்தில் உட்கார்ந்து குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மனைவி தட்டு வைத்துப் பரிமாறினாள்.

“சும்மா மனசப் போட்டு உழப்பிக்காதீங்க. அந்தப் பாழாப்போன மெஷின் இவளுக்குன்னு பாத்தா சிவப்பு காட்டணும்? அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?”

கொழுந்தியாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சொல்லட்டும், எல்லாவற்றையும் போட்டு உடைக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பார்.

“ஆமாக்கா,” என்றாள் அவள். “மாமா என்ன பண்ணுவாரு? மெஷின்தானே. மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வை.”

சொல்லிவிட்டுத் துணியை மடித்தாள். இனி அவளும் குழந்தையும் இந்த வீட்டில்தானே சாப்பிட்டாக வேண்டும். அது அவருக்குப் புரிந்தது. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராமல், தலையைக் குனிந்துகொண்டு வைத்ததையெல்லாம் சாப்பிட்டார்.