மூன்றாம் ஓலைக்கு முன்

சனிக்கிழமை மாலை நாலேகால் மணிக்குப் போன் வந்தது. காங்கேயத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா.

"அம்மணி வேலைய விட்டுட்டு வரட்டுங்க. நைட் டூட்டி பாக்கற மருமக எங்க ஊட்டுக்குச் சரிப்படாதுங்க. இல்லீன்னா நாளைக்கு ஓலை வாசிக்க வேண்டாமுங்க."

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிற அறிவிப்புதான் திருமண ஓலை; துடியலூரில் எங்கள் சபையில் இரண்டு ஞாயிறு அதை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது மட்டும் பாக்கி. பத்திரிகையும் கொடுத்து முடித்திருந்தோம். என் மகள் எஸ்தர் நர்ஸ். நோயாளிகளைப் பார்ப்பதையே ஊழியமாக நினைக்கிறவள். மாப்பிள்ளை தானியேலைக் கூப்பிட்டோம். எடுக்கவில்லை.

"ஒத்துக்க கண்ணு" என்றேன். பயத்தில் வேறொன்றும் தோன்றவில்லை.

"அவரு வாயால சொல்லட்டும், யோசிக்கிறேன். அவங்கப்பாவையா நான் கட்டிக்கப் போறேன்?"

அந்தக் கலக்கத்திலும் என் கணவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது. சமையலறையில் முழங்காலிட்டேன். சம்பந்தியின் மனதை மாற்றும்படி கேட்கத்தான் போனேன். வாயில் வந்ததோ வேறு: "ஆண்டவரே, அந்தப் பையனைப் பேச வையும்."

ஆண் தன் தாய் தகப்பனை விட்டு வருவதைத்தான் வேதம் சொல்கிறது. நாமோ பெண்ணை மட்டும் எல்லாவற்றையும் விட்டு வரச் சொல்கிறோம். அன்றுதான் அது எனக்கு உறைத்தது.

கணவன் குடும்பத்துக்குத் தலை என்று நான் இன்றும் நம்புகிறேன். தலை என்றால் முதலில் பாரம் சுமப்பது என்று இப்போது தெரிகிறது. பிள்ளையின் கல்யாணத்தை நினைத்துக் கலங்குகிற அப்பா அம்மாமாரே, ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள். நாம் கேட்கத் தெரியாததையும் அவர் தருகிறார். இன்றைக்கும் சாயங்காலம் போன் அடித்தால் அந்தச் சனிக்கிழமைதான் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் வாயில் முதலில் வருவது ஸ்தோத்திரம்தான்.

அந்தப் போன் வந்த மறுநாள், ஞாயிறு காலை. ஆராதனை மணி அடித்துவிட்டது. ஓலை வாசிக்கலாமா என்பதுபோல் போதகர் எங்களையே பார்த்தார். அப்போது தானியேல் வந்தார், தனியாக. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கசங்கல் சட்டையோடு எஸ்தரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"போன எடுக்காதது தப்புதானுங்க அத்தை. அப்பாகிட்டப் பேசாம உங்ககிட்ட என்னத்தச் சொல்றதுங்க? இப்பப் பேசிப்போட்டனுங்க. கோவமாத்தான் இருக்காரு, கல்யாணத்துக்கு வந்துருவாருங்க. எஸ்தர் வேலைக்குப் போகட்டும். நைட் டூட்டியன்னிக்குச் சோறு நான் ஆக்கறனுங்க. ரசம் மட்டும் நீங்க சொல்லிக் குடுக்கோணும். ஓலைய வாசிக்கச் சொல்லுங்க."